நான் வாசிக்காத ஐந்தாம் பாகம்

கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை நூலகங்களில், முதல் பக்கத்தில் 'மாணவர் வாசிப்புக்கு ஏற்றது' என்ற வரியும் அதன் கீழ் என் கையெழுத்தும் உள்ள புத்தகங்கள் இன்னும் சில கிடக்கலாம். கல்வி அலுவலகத்தில் தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் அது என் வேலைகளில் ஒன்று. ஹந்தானை, தெல்தோட்டை என்று தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும் புத்தகங்கள் முதலில் என் மேசைக்கு வரும். அரைகுறையாகப் புரட்டிவிட்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் என் சொந்த மகள் வாசித்த ஒரு புத்தகத் தொடருக்கு நான் தீர்ப்புச் சொன்னபோது, அதில் பதினொரு பக்கம் மட்டுமே வாசித்திருந்தேன். முழுவதும் வாசித்ததாகச் சொன்னேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகங்கள் சிங்களத்தில் இருந்தன. எனக்குச் சிங்களம் பேச வரும். சந்தையிலோ பஸ்ஸிலோ அலுவலகத்திலோ என் பேச்சை யாரும் குறை சொன்னதில்லை. வாசிக்க வராது. ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்து, பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகச் செய்தவன் நான். உத்தியோகம் நிலைப்பதற்குச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, தபாலதிபருக்கு ஒரு கடிதத்தையும் பெரஹரா ஊர்வலத்தைப் பற்றி ஒரு கட்டுரையையும் படம் வரைவதுபோலப் பாடமாக்கிச் சித்தியடைந்தேன். அதோடு சரி. அலுவலகத்துக்கு வரும் சிங்களச் சுற்றறிக்கைகளின் சாரத்தைப் பக்கத்து மேசை எழுதுவினைஞர், அக்குறணைக்காரர், தேநீர் குடிக்கும்போது சொல்லிவிடுவார். "சேர், இதுல பெரிசா ஒண்டுமில்ல. லீவு ஃபோம மாத்தீக்காங்க, அவ்வளவுதான்." நான் ஏற்கெனவே வாசித்தவன்போலத் தலையாட்டிவிட்டுச் சுருக்கொப்பம் இடுவேன். இப்படியே வருடங்கள் ஓடின. யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது இது. குண்டசாலையில் இப்போது இருக்கும் இதே ஒழுங்கையில்தான் நாங்கள் அப்போதும் குடியிருந்தோம். அந்த ஒழுங்கையில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். இரண்டு வீடு தள்ளி ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டு அம்மா சிறு வகுப்பு ஆசிரியை. அதனால் எல்லாரும் மிஸ் என்றே கூப்பிடுவோம். அவருடைய மகள் என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். இருவரும் வேறு வேறு பாடசாலை, ஆனால் ஒரே ஸ்கூல் வேன். தென்னக்கும்புரப் பாலத்தில் நெரிசல் என்றால் வேன் முக்கால் மணி நேரம் அசையாமல் நிற்கும். அந்த முக்கால் மணி நேரங்களில் என் மகள் சிங்களம் வாசிக்கப் பழகினாள். பிள்ளைகளுக்கு எழுத்து எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று நான் பொறாமையோடுதான் பார்த்தேன். எங்கள் மகளுக்கு வகுப்பில் தோழிகள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தபின் இருந்தது இவள் ஒருத்திதான்.

புத்தகத் தொடர் வெளிநாட்டு மொழி ஒன்றிலிருந்து சிங்களத்துக்கு வந்தது. ஆறு பாகம். தமிழில் அப்போது அது இல்லை. மகள் சாப்பிடும்போது சொன்ன துண்டுகளிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு நாடு. அங்கே ஒருவர் இறந்தால், அவர் கடைசியாகச் சொன்ன சொல் பக்கத்திலுள்ள கிணற்றில் போய் விழுந்து தண்ணீரோடு தங்கிவிடும். தாயை இழந்த ஒரு பெண், தாய் என்ன சொன்னாள் என்று அறியக் கிணறு கிணறாக இறங்குகிறாள். அரசன் கிணறுகளை மூடச் சொல்கிறான். முதல் மூன்று பாகங்களையும் அவள் வேனிலேயே வாசித்து முடித்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை வாசிக்கிறாள், அது போதும் என்றிருந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மகள் பெரிய பிள்ளையானாள்.

எங்கள் பக்கத்து வழக்கத்தில், அன்றிலிருந்து பதினாறு நாள் பிள்ளையை ஓர் அறையில் தனியே இருத்துவார்கள். தனிப் பாய், தனித் தட்டு, வாசலில் வேப்பிலை, தலைமாட்டில் ஓர் இரும்பு. தாய்மாமன் வந்து ஓலைக் குச்சு கட்ட வேண்டும். டவுன் வீட்டில் இடம் எங்கே? கதவு நிலையில் இரண்டு தென்னோலையைச் செருகிவிட்டுப் போனார். தண்ணீர் வார்க்கும் நாள்வரை ஆண்கள் யாரும், தகப்பன் உட்பட, அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் மறுத்து ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு ஜன்னலும் ஒரு திரையும் உள்ள அறைக்குள் போனாள். நான் வெளியே இருந்தேன்.

சிங்கள வீடுகளிலும் இதே வழக்கம் உண்டு. அதனால் மிஸ்ஸுக்கு விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாளே ஒரு துணிப்பையோடு வந்தார். பையில் பலகாரம், அதன் கீழே நாலாம், ஐந்தாம், ஆறாம் பாகங்கள். "போன வருசம் எங்க மகளை உள்ள வச்சப்போ இதுதான் காப்பாத்திச்சு. இல்லாட்டி சுவரைச் சுரண்டியிருப்பாள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். நாலாம் பாகம் உடனே உள்ளே போனது.

அன்று பின்னேரம் மனைவியின் அக்கா தெல்தோட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். பதினாறு நாளும் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தவர். மேசைமேல் கிடந்த ஐந்தாம் பாகத்தின் அட்டையைப் பார்த்ததும் அதைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இங்க பாருங்க. தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு கெணத்துல எறங்குறா. தண்ணிக்குள்ள பூரா மூஞ்சி. இதையா புள்ள பக்கத்துல வச்சுக்கிட்டுப் படுக்கப் போறா?"

"கதைதானே அக்கா."

"கதைதான். காத்து கருப்பு அண்டக்கூடாதுன்னு நான் வேப்பிலையும் பாக்குவெட்டியும் வைக்கிறேன். நீங்க அதுக்குப் பக்கத்துலயே பேய அச்சடிச்சு வைக்கிறீங்க. நல்ல படிப்பு."

மனைவி நடுவில் வந்தாள். "அவரு வாசிச்சிட்டுச் சொல்லட்டும்க்கா. ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் அவருதானே பாத்துச் சொல்றாரு. நம்ம புள்ளைக்குச் சொல்ல மாட்டாரா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அது வரவில்லை. "வாசிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். ஐந்தாம், ஆறாம் பாகங்கள் என் அலுமாரிக்குள் போயின.

திங்கட்கிழமை ஐந்தாம் பாகத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ஒரு பத்தியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பத்தியின் தொடக்கம் மறந்துபோகும். பேச்சில் எனக்குத் தெரிந்த சொற்கள்கூட அச்சில் முகத்தை மாற்றிக்கொண்டு நின்றன. மதியத்துக்குள் மூன்று பக்கம். அதற்குள் அக்குறணைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன சேர், கெணத்துக்குள்ள எறங்குற கொமரு? ப்ரமோஷன் சோதனைக்கு இதெல்லாமா கேக்குற?"

"மகளோடது. சும்மா."

"எண்ட மூத்தவளும் இதுக்குப் பைத்தியம். எனக்கு வாசிக்க நேரமில்ல. சேர் முடிச்சிட்டு என்ன கதன்னு செல்லுங்களேன், அவளுக்கு நல்லதா கெட்டதான்னு நானும் தெரிஞ்சிக்கிறேன்."

வருடக்கணக்காக எனக்கு வாசித்துச் சொன்ன மனிதர். அவரிடம் அன்று கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் முழுக் கதையும் எனக்கு வந்திருக்கும். அவர் என்னிடம் கேட்டுவிட்டதால் நான் கேட்க முடியாமல் போனது. "கட்டாயம் செல்றேன்" என்று அவருடைய பேச்சிலேயே சொல்லிச் சிரித்து மழுப்பினேன்.

வீட்டுக்குப் போனதும் கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அஞ்சாவது உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா."

"நாலாவது முடிஞ்சிருச்சுப்பா. கயித்த அறுத்துட்டாங்க. அவ கெணத்துக்குள்ள நிக்கிறா."

"யாரு அறுத்தது?"

"அண்ணன். சொந்த அண்ணன்ப்பா!" அந்த அநியாயத்தை அவள் இன்னும் நம்ப முடியாதவள்போலச் சொன்னாள். "எப்பத் தருவீங்க?"

"வாசிச்சிட்டுத் தர்றேன்."

"நீங்க வேகமா வாசிப்பீங்கதானே?"

மறுநாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். அவள் கிணற்றுக்குள் நின்ற பெண்ணைப் பற்றிப் பேசினாளா, தன்னைப் பற்றிப் பேசினாளா என்று சில சமயம் எனக்குக் குழம்பும். நான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தக் கதவோரம் ஒரு கதிரையைப் போட்டு உட்காரத் தொடங்கினேன். ஒரு தந்திரம் தோன்றியது. "முதல் நாலு பாகமும் நான் வாசிக்கல்லியே. நீ சொல்லு. எப்படி விளங்கியிருக்கேன்னு பார்ப்போம்" என்றேன். ஆசிரியர் குரலில்தான் சொன்னேன்.

அவள் சொன்னாள். நாலு மாலை சொன்னாள். சிங்களத்தில் வாசித்ததைத் தமிழில், கைகளை ஆட்டிக்கொண்டு சொல்கிறாள் என்பது வளையல் சத்தத்தில் தெரியும். ஊமை ஒருவன் இறந்தபோது கிணற்றில் விழுந்தது என்ன என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதாம். விழுந்தது ஒரு மூச்சு மட்டும்தானாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நன்றாகத் தூங்கினார்களாம். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கான புத்தகங்களை வாசித்த நான், ஒரு பிள்ளையின் வாயிலிருந்து ஒரு புத்தகத்தைக் கேட்டதில்லை. அந்த நேரங்களில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அவளுக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாலையும் கடைசியில் அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

"இப்ப எந்த இடத்துல இருக்கீங்க?"

"பாதி தாண்டிட்டேன்."

"அப்ப அந்தக் கிளி வந்துருச்சா? நொண்டிக் கிளி?"

"வந்துருச்சு. நல்லா எழுதியிருக்காங்க."

"ம்" என்றாள். அந்தத் தொடரின் ஆறு பாகத்திலும் கிளி என்று ஒன்று கிடையாது. அவள் என்னைச் சோதித்தாள். இதை நான் அன்று அறியவில்லை. சாப்பிடப் போனேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ மகள் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினாள். காலையும் இல்லை, மதியமும் இல்லை. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் ஒன்பது நாள் தொடர்ந்து கொடுத்தால் யாரும் திருப்பித்தான் அனுப்புவார்கள். மனைவியின் அக்கா அப்படிப் பார்க்கவில்லை. நாலாம் பாகத்தை அறைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, பத்து நாளாச்சு. புள்ள சுவரைப் பாத்துக்கிட்டே கெடக்குது. கேட்டா 'அவ இன்னும் கெணத்துலதான் நிக்கிறா பெரியம்மா'ன்னு சொல்லுது. எனக்குக் குலையே நடுங்கிருச்சு. நான் படிக்காதவ. நீங்க படிச்சவரு. வாசிச்சீங்களா இல்லையா?"

"வாசிச்சேன்."

"முழுசா?"

"முழுசா."

"அப்ப சொல்லுங்க. நல்லதுன்னா நான் வாய மூடிக்கிறேன். இன்னைக்கே மத்ததையும் உள்ள குடுத்துருவோம்."

மனைவி சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள். கதவுக்கு அப்பால் மகள் நின்றிருப்பாள் என்று தெரியும். வளையல் சத்தம் கதவருகில் வந்து நின்றது. நல்லது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னபிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கனவு கண்டு கத்தினாலும், அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று என்னிடம் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. கெட்டது என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கெட்டது என்பதற்கு ஆதாரம் யாரும் கேட்பதில்லை. இது என் உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்று.

"பதின்மூணு வயசுக்கு ஏத்தது இல்ல" என்றேன். படிவத்தில் எழுதுகிற அதே வார்த்தைகள்.

"அப்பா" என்றாள் மகள் கதவுக்குப் பின்னாலிருந்து. "எந்த எடம் ஏத்தது இல்ல?"

"எல்லாம் சேர்த்துத்தான் சொல்றேன்."

"ஒரு எடம் சொல்லுங்கப்பா."

"சொன்னா சொன்னதுதான். விட்டுடு."

மூன்று புத்தகங்களும் அதே துணிப்பையில் மிஸ் வீட்டுக்குத் திரும்பிப் போயின. கொண்டுபோனவள் என் மனைவி. அவளுடைய சிங்களம் கடைச் சிங்களம். இப்படியொரு விஷயத்தைப் புண்படாமல் சொல்ல அது போதாது. பையைக் கொடுத்துவிட்டு "எப்பா கிவ்வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்றார், அவ்வளவு.

அன்று ஆறு மணியளவில் மிஸ் எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபமில்லை, சங்கடம்தான்.

"சேர், ஏதாவது தப்பா நடந்துட்டுதா? என் மகள் கேட்கிறாள். நல்ல புத்தகம்தானே? உங்க மகள் கேட்டுத்தானே அனுப்பினேன்."

"தப்பு ஒண்ணுமில்லை மிஸ்."

"புத்தகத்துல என்ன சரியில்லைன்னு சேர் நினைக்கிறீங்க?"

சில மணி நேரம் முன்பு கதவுக்குள்ளிருந்து வந்த அதே கேள்வி, இப்போது இன்னொரு மொழியில். அவர் ஆறு பாகத்தையும் வாசித்தவர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். எந்த இடம் என்று நான் எதைச் சொன்னாலும் பிடித்துவிடுவார். அவரே மெல்லக் கேட்டார்.

"சிங்களத்துல இருக்கிறதாலயா, சேர்?"

இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு வாசல்போலத் திறந்தது. போர்க்காலத்தில் வளர்ந்த ஒழுங்கை அது. சோதனைச் சாவடிகள் சில மாதம் இருக்கும், சில மாதம் எடுத்திருப்பார்கள். அந்தக் காரணத்தை நான் சொன்னால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். மரியாதையுள்ள யாரும் கேட்கமாட்டார்கள்.

"பிள்ளை தமிழில்தான் வாசிக்க வேணும் மிஸ்" என்றேன். நல்ல சிங்களத்தில், பிழையில்லாமல் சொன்னேன். "இப்படியே போனால் எங்கள் மொழி அவளுக்கு இல்லாமல் போய்விடும்."

அவர் தலையசைத்தார். "விளங்குது சேர்" என்றார். கேட்டின் கொளுக்கியை வெளியிலிருந்தே சரியாக மாட்டிவிட்டுப் போனார்.

என் மகளின் ஜன்னல் அந்தக் கேட்டைப் பார்த்துத்தான் இருந்தது. அவளுக்கு என்னைவிடச் சிங்களம் தெரியும். ஒரே நாளில் ஒரே புத்தகத்தைப் பற்றி இரண்டு காரணம் சொன்ன அப்பாவை அவள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டாள். அன்றிரவு நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். "கதை சொல்லலியா?" என்றேன். "தூக்கம் வருதுப்பா" என்றாள். மிச்ச நாட்களில் அவள் ஐந்தாம் பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அந்தக் கதவருகே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவள் அவள். ஆனால் வெளியே போக வழியில்லாமல் இருந்தது எனக்குத்தான் என்று தோன்றியது. ஒரு பொய்யைத் திரும்பப் பெற வேண்டுமானால் இரண்டு வீட்டுக்கும் இரண்டு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் வார்த்த அன்று மகளைச் சேலையில் பார்த்தேன். பதினாறு நாளில் மெலிந்திருந்தாள். காலில் விழுந்தபோது தலையைத் தொட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ்ஸும் மகளும் வந்தார்கள். ஒழுங்கையில் ஒரு வீட்டில் நல்லது நடந்தால் போகாமல் இருக்கக் கூடாது, அதற்காக வந்தார்கள். பரிசைக் கொடுத்தார்கள், சோறு சாப்பிட்டார்கள், போனார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் தட்டு நீட்டியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் மூன்று வருடம் அதே வேனில் ஒருத்தி முன் வரிசையிலும் ஒருத்தி பின் வரிசையிலும் போய்வந்தார்கள். வேன்காரர் ஒரு நாள் என்னிடம் கேட்டார், "என்னா சேர், ரெண்டும் சண்டையா? வண்டி ரேடியோ இல்லாம கெடக்கு." பிள்ளைகள்தானே, சரியாகிவிடும் என்றேன்.

சரியாகவில்லை. மகள் நன்றாகப் படித்தாள், கொழும்பில் வேலை, கல்யாணம், அங்கேயே குடியிருப்பு. என்னோடு அன்பாகத்தான் இருக்கிறாள். ஆனால் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் என்னோடு பேசுவதில்லை. நான் பேச்சை எடுத்தால் "அப்படியாப்பா" என்பாள்.

ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, கண்டி டவுனில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த அட்டையைப் பார்த்தேன். தலைவிரித்த பெண், கிணறு, முகங்கள். ஐந்தாம் பாகம்தான். வாங்கினேன். ஓர் அகராதியும் வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். எழுத்துக்கள் மெல்ல மெல்ல என்னோடு சமாதானமாயின. அடுத்த வருடமும் அதே வேலையாகப் போனது. முடித்தேன்.

அந்தப் பெண்ணின் தாய் எப்படி இறந்தாள் என்பது அந்தப் பாகத்தில்தான் வருகிறது. அவள் தவறி விழவில்லை. தானாகத்தான் கிணற்றில் இறங்கியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் நான் பல நாள் நின்றேன். இது பதின்மூன்று வயதுக்கு ஏற்றதா? லயத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு பெண் பூச்சிமருந்து குடித்து இறந்ததைப் பிள்ளைகளாகிய நாங்கள் எல்லாரும் அறிந்திருந்தோம். எங்களோடு அதைப் பற்றிப் பேசியவர் யாரும் இல்லை. இந்தப் புத்தகத்தில் ஒரு கிழட்டுக் கிணறுவெட்டி அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசுகிறான், முழு அத்தியாயம், அவசரமில்லாமல். என் மனைவியின் அக்கா பயந்தது முழுவதும் வீண் பயம் இல்லை. நான் அன்று உண்மையாக வாசித்திருந்தால், கொடுக்கத் தயங்கியிருப்பேன். பிறகு கொடுத்து, கதவோரம் இருந்து அவளோடு பேசியிருப்பேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதை நான் அன்று யோசிக்கவே இல்லை. என் மகளைப் பற்றி எடுத்ததாக எல்லாரும் நினைத்த முடிவில் மகள் எங்குமே இல்லை. என் மானம்தான் இருந்தது.

கொழும்புக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். நான் அன்று வாசிக்கவில்லை, வாசிக்கத் தெரியாது, இப்போது வாசித்தேன் என்று.

"தெரியும்ப்பா" என்றாள். அப்போதுதான் கிளியைப் பற்றிச் சொன்னாள். "எனக்குச் சின்ன வயசுலயே தெரியும், சிங்களத்துல கடிதம் வந்தா நீங்க என்கிட்ட குடுத்து 'எங்க, வாசி பாப்போம்'ன்னுதான் சொல்வீங்க."

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"நான் என்னா சொல்றது? பெரியம்மா கிட்டயும் அம்மா கிட்டயும் உங்கள விட்டுக்குடுக்கவா?" என்றாள். "புத்தகம் போனா போகட்டும்ப்பா. கேட்டுக்கிட்ட நின்னு மிஸ்கிட்ட சொன்னீங்களே, அதத்தான் என்னால... என்கிட்ட சொல்லி என்னா பிரயோசனம்? ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்காங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

போக எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. மிஸ்ஸுக்கும் என் வயதுதான். தனியாக இருக்கிறார். மகள் வெளிநாட்டில். முன் விறாந்தையில் உட்காரவைத்துத் தேநீர் தந்தார். நான் சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, அறை, கதவு, பதினொரு பக்கம், எல்லாம். சிங்களத்தில் இருந்ததால் அல்ல, எனக்கு வாசிக்கத் தெரியாததால் என்று சொன்னேன்.

முதலில் சிரித்தார். "ஐயோ சேர், இதுக்கா?" பிறகு சிரிப்பு நின்றது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மகள் அழுதாள் சேர். அவங்க ஏன் திருப்பி அனுப்பினாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாள். நான் சொன்னேன், அவங்களுக்கு நம்ம எழுத்தே வீட்டுக்குள்ள வரக் கூடாது மகளே, அவங்க அப்படித்தான், நீ இனிமேல் வலியப் போகாதேன்னு. அதுவரைக்கும் அப்படி ஒரு பேச்சு எங்க வீட்டுல இருந்ததில்லை. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நல்லாப் படிக்கிற பிள்ளை, ஒரு தரம் சொன்னால் மறக்கமாட்டாள். இப்போ அவளுக்கு ரெண்டு பிள்ளைகள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஃபோனில் சொன்னால் நம்பமாட்டாள்" என்றார். "அம்மாவுக்கு வயசாச்சு, எல்லாரும் நல்லவங்கன்னு சொல்லத் தொடங்கிட்டாங்கன்னு நினைப்பாள். சேர் எழுதிக் கொடுங்க. உங்க கையால, சிங்களத்தில். படம் எடுத்து அனுப்புறேன்."

"எனக்கு எழுத இன்னும் சரியாக வராது மிஸ்."

"அதனால்தான் சொல்றேன்."

உள்ளே போய் ஒரு கொப்பியும் பென்சிலும் அழிரப்பரும் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கி, கதிரையை இழுத்துப் போட்டு, என் வலது தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முதல் வரியில் நான் யாருடைய அப்பா என்று எழுதினேன். இரண்டாம் வரியில் அந்தப் புத்தகத்தின் பெயரை எழுதினேன். மூன்றாம் வரியில் என் கை நின்றது.

"எழுதுங்க சேர்" என்றார். "அவசரமில்லை."